வேதனை உண்டோ?

கேள்வி:

எனக்கு 36 வயது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு கிராமம். ஒன்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். தினமும் களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறேன். வார்டில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் டாக்டர்கள் எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மறுபடியும் வந்துவிட்டது, இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்பதெல்லாம் தமிழில் என் வாயிலிருந்துதான் வரும்.

சென்ற ஆண்டு ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பனையேறி. வாயில் புற்று. மகன்கள் இருவரும் டாக்டரையும் என்னையும் தனியே அழைத்து, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கே உடைந்துபோவார்" என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டோம். ஒருநாள் மாலை மகன்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "நீ நம் பக்கத்துப் பிள்ளை. பொய் சொல்ல மாட்டாய். எனக்கு என்னம்மா வந்திருக்கிறது?" என்றார். "புண்தான் அண்ணாச்சி, ஆறிவிடும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரி" என்றார். அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் இறந்துபோனார்.

எனக்கு அழுகை வரவில்லை. இப்போது வார்டில் யார் இறந்தாலும் வருவதில்லை. போன வாரம் ஒரு அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். சில காலைகளில் பஸ் பாறசாலையிலேயே பழுதாகி நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்கிறார். விடலாமா? நான் செய்தது பாவமா? இனி ஒருவர் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான்கு மாதமாக எனக்கு மீன் குழம்பு இறங்கவில்லை. அது இல்லாமல் ஒருநாள்கூடச் சாப்பிட்டவள் இல்லை நான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊரையும் பெரியவரின் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். உங்களுடன் வேலை செய்கிறவர்கள் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டாக்டர் தம்முடைய நோயாளிகளுக்கு மட்டும் கெட்ட செய்தி சொல்கிறார். வார்டில் நான்கு டாக்டர்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருடைய தமிழ் நோயாளிகளுக்கும் நீங்கள் ஒருவரே வாய். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் உங்களைவிட அதிகம் பேரிடம் "இனி மருந்து கேட்காது" என்று சொன்னவர் யாருமே இல்லாமல் இருக்கலாம். இந்த வேலை உங்கள் நியமன உத்தரவிலும் இருக்காது, சம்பளச் சீட்டிலும் இருக்காது. நாள் முடிந்து கைமாற்றும்போது அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்கும் நோட்டில்கூட இதற்கு ஒரு பத்தி கிடையாது.

மற்றதற்குப் போகும் முன் பஸ்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும். அது நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்றால், வார்டுக்குப் போய்ச் சேரவேண்டாம் என்ற அர்த்தமா, அல்லது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற அர்த்தமா? நான் முதலாவதாகத்தான் படிக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுவது என் டாக்டர் தொழிலில் பழக்கம். இரண்டாவது எண்ணம் ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் என் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் பேசுவார்கள், மலையாளத்திலும் பேசுவார்கள். அப்படி எண்ணம் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், தன்மேலேயே வெறுப்பு வருகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்குத் தினமும் ஊசி போடுகிறவருக்கு இதில் கூச்சம் எதற்கு?

இனி உங்கள் மொழிக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் நாகர்கோவில்காரன். இளவயதில் சில மாதங்கள் எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒரு நோயாளியிடம் "வேதன உண்டோ?" என்று கேட்டார். கோவில்பட்டிப் பக்கத்து மனிதர் அவர். "இல்லை சார், எல்லாம் அவன் விட்ட வழி" என்று கைகூப்பினார். டாக்டர் திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று இரவு முழுக்க அந்த மனிதர் இடுப்பெலும்பு வலியில் முனகிக்கொண்டிருந்தார். மலையாளத்தில் 'வேதன' என்றால் உடம்பு வலி. நமக்கு வேதனை என்றால் மனத்துன்பம். டாக்டர் எலும்பைப் பற்றிக் கேட்டார், இவர் மனதைப் பற்றிப் பதில் சொன்னார். அங்கே 'விஷமிக்கண்டா' என்றால் வருந்தாதே என்று பொருள். நம் காதில் அது விஷமம் என்று விழும். எல்லாவற்றையும்விட வேடிக்கை 'அர்புதம்'. மலையாளப் பத்திரிகைகளில் புற்றுநோய்க்கு அதுதான் பெயர். நடைக்கூடத்தில் யாரோ அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தபோது சங்கரன்கோவில் அம்மா ஒருவர் என்னிடம், "அற்புதம் அற்புதம் என்று நல்ல வார்த்தையாகப் பேசுகிறார்கள் தம்பி" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சிரிக்க முடியவில்லை.

விளவங்கோட்டுக்காரர்களாகிய உங்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 1956 நவம்பர் முதல் தேதி எல்லைக்கோடு போட்டபோது விளவங்கோடு உட்படக் குமரியின் நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. காது மட்டும் இரண்டு பக்கமும் கேட்கிறபடியே இருந்துவிட்டது. அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

லண்டனில் 1967இல் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, சாவை நெருங்கியவர்களைக் கவனிக்கும் விடுதியைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன்பிறகே டாக்டர். புற்றுநோயாளியின் வலியை அவர் 'முழுவலி' என்றார். உடம்பும் மனமும் குடும்பமும் கடவுளைப் பற்றிய சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து வலிக்கிறது, ஒன்றை விட்டு ஒன்றை ஆற்ற முடியாது என்பது அவருடைய அனுபவம். அவர் இத்தனை வாக்கியத்தில் சொன்னதை ஒரே சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டு நம் இரண்டு மொழிகளும் சொல்லிவிட்டன. ஆகவே அடுத்த முறை டாக்டர் "வேதன உண்டோ?" என்றால், நீங்கள் இரண்டு கேள்வியாகவே கேளுங்கள்: "உடம்பில் வலி இருக்கிறதா?" "மனதுக்கு எப்படி இருக்கிறது?" அதில் மொழிபெயர்ப்புப் பிழை எதுவும் இல்லை.

நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். லீவு போடு, கோவிலுக்குப் போய் வா, மூச்சுப் பயிற்சி செய் என்றெல்லாம் யோசனை வந்திருக்கும். பணிச்சோர்வு என்று ஒன்று உண்டுதான். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் அதை மூன்று இழையாகப் பிரித்தார்: உள்ளே வற்றிப்போவது, எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கட்டில் எண்ணாகத் தெரிவது, தான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. உங்களிடம் இந்த மூன்றின் சாயலும் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் அதிக இடம் பிடித்திருப்பது வேலைப்பளு இல்லை. ஒரு மாலை நேரமும் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியமும். அதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் 1984இல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போதே அதை அடையாளம் காட்டினார்: எது சரி என்று தெரிந்திருந்தும், அதைச் செய்ய முடியாதபடி இருக்கும் இடம் கையைக் கட்டிவிடும்போது வரும் உளைச்சல். அறச்சங்கடம் என்று நான் சொல்லுவேன். களைப்பு என்றால் பத்து நாள் தூங்கினால் குறையும். இது தூங்கினால் குறையாது. லீவு முடிந்து வந்தால் அதே கட்டிலில் இன்னொரு அண்ணாச்சி படுத்திருப்பார்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது பொய்தான். இல்லை என்று மழுப்பினால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுத மாட்டீர்கள். ஆனால் அந்தப் பொய்யைத் தீர்மானித்தவர்கள் நான்கு பேர். மகன்கள் கேட்டார்கள், டாக்டர் பேசாமல் இருந்தார், நீங்களும் இருந்தீர்கள். சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது மூன்று பேர் அங்கே இல்லை.

"டாக்டர் என்னைப் பார்த்தார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கட்டியின் ஏழு வகையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. தெரியாத வேலையை எல்லோரும் செய்வதுபோல நானும் செய்தேன்: தள்ளிப்போட்டேன். ரவுண்ட்ஸில் கடைசிக் கட்டில் வரும்போது என் நடை தானாக வேகமாகும். சார்ட்டைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். "எப்படி இருக்கிறீர்கள்? நல்லது" என்று பதிலையும் நானே சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஒரு மூத்த சிஸ்டர்தான் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், ஆறாம் கட்டிலில் இருப்பவர் உங்கள் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார்." உங்கள் டாக்டரும் அப்படி ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். கல்நெஞ்சக்காரர் என்று எண்ண வேண்டாம். அவர் வார்டுக்கு வரும் வழியில் அவருக்கும் ஒரு பாறசாலை இருக்கும்.

பெரியவரின் அந்தச் "சரி"யை என்னால் விட முடியவில்லை. தினமும் முகத்தில் முகமூடியை மாட்டிக் கதிர்வீச்சுக் கொடுக்கிறார்கள். வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஒரே நோய். அந்த மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் உட்கார்ந்து கவனித்து 1965இல் எழுதியது இதைத்தான்: நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல ஒருவருக்கொருவர் நடிப்பார்கள். நம் ஊரில் இந்த நடிப்புக்குப் பாசம் என்று பெயர். என் அனுபவத்தில் அந்தச் 'சரி'க்கு ஒரே பொருள்தான். உங்கள் முகத்தைப் பார்த்ததும், இந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உங்களிடம் அவருக்குக் கோபம் இருந்திருக்காது. ஆனால் அதன்பிறகு இருந்த ஐந்து மாதத்தில் அவர் யாரிடம் என்ன பேசியிருக்க முடியும்? அடமானத்தில் இருக்கும் விளையைப் பற்றியோ, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பற்றியோ, தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியோ வாய் திறந்தால் நாடகம் கலைந்துவிடும். மகன்கள் அவரை உடையாமல் காத்தார்கள். தனியாகவும் விட்டார்கள்.

அப்படியானால் இனி ஒருவர் கேட்டால் உடனே உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டுமா? கூடாது. நோயின் பெயரைச் சொல்வது உங்கள் பொறுப்பில் இல்லை, அதை நீங்களாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். உங்களால் செய்ய முடிந்தது பொய் சொல்லாமல் இருப்பது. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2000இல் கெட்ட செய்தி சொல்வதற்கு ஆறு படிகள் வகுத்தார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆறையும் நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அதன் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: சொல்வதற்கு முன்னால் கேட்பது. "எனக்கு என்னம்மா?" என்று ஒருவர் கேட்டால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். "அண்ணாச்சி, உங்களுக்கு என்ன என்று தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். பிறகு, "எல்லாவற்றையும் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று நினைக்கிறீர்களா, வீட்டில் யாரிடமாவது சொன்னால் போதுமா?" என்று கேளுங்கள். "மகனிடம் பேசிக்கொள்ளுங்கள் அம்மா, எனக்கு வேண்டாம்" என்கிறவர்களும் உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர்கள் உரிமை; அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், மகன் சொல்லக் கூடாது. தெரிய வேண்டும் என்றால், "இதை நாளைக் காலை டாக்டரிடம் சேர்ந்தே கேட்போம். நான் பக்கத்தில் இருப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் இருங்கள். ஷிப்டு மாறினால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகன்களை எதிரிகளாக்க வேண்டாம். "சொல்லக்கூடாது என்று எதற்கு நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் அவர்கள் பயம்தான் வெளியே வரும். அப்பா பூச்சிமருந்தைக் குடித்துவிடுவார், சாப்பாட்டை நிறுத்திவிடுவார், எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசி வாக்கியம்தான் உண்மையான காரணம். அவர்களிடம் இப்படிச் சொல்லலாம்: "நாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டோம். ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டோம். கேட்கும்போது நீங்களும் கூட இருங்கள்." இதை முதல் நாளே, டாக்டர் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். என் கணக்கில் பத்துக் குடும்பத்தில் ஒன்பது இதற்குச் சம்மதிக்கும். பத்தாவது குடும்பத்தை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்க்கும் நேரத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். உள்ளே போகும் முன் டாக்டரிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள்: "இன்றைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?" வாசலில் வைத்து முதன்முறையாகக் கேட்ட செய்தியை அடுத்த நொடியே இன்னொருவரிடம் சொல்வது எந்த மனிதருக்கும் தாங்காது. உட்காரும்போது டாக்டரும் நோயாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி இருக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் இருங்கள். "டாக்டர் இப்படிச் சொல்கிறார்" என்று தொடங்குங்கள். சொல் யாருடையது என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும், அதைவிட உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் கடுமையாகச் சொன்னதை நீங்களாக மென்மையாக்காதீர்கள், "இதை வேறு மாதிரிச் சொல்லலாமா டாக்டர்?" என்று அங்கேயே மலையாளத்தில் கேளுங்கள். வெளியே வந்தபிறகு மறுபடியும் ஐந்து நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரம். "இன்று அந்த அம்மா அழுதபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது" என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் நடுங்கியிருக்கும்.

பாஸ்டன் நகரத்தில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞருக்கு நாற்பதாவது வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்தது. பெரிய சிகிச்சைகளைவிட, செவிலியர்களும் ஊழியர்களும் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று அவர் பத்திரிகையில் எழுதினார். 1995இல் இறந்துபோனார். அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு, மருத்துவமனை ஊழியர்கள் எல்லோரும், டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை, ஒன்றாக உட்கார்ந்து வேலையின் மனச்சுமையை மட்டும் பேசும் கூட்டங்களை நடத்துகிறது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. மருந்தின் அளவைப் பற்றி அங்கே பேசமாட்டார்கள். உங்கள் வார்டில் இதற்குப் பெரிய ஹாலும் தேவையில்லை, பேனரும் தேவையில்லை. மாதத்தில் ஒருநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் முக்கால் மணி. உங்கள் நர்சிங் கண்காணிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமே 2019இல் பணிச்சோர்வை நோயாகச் சொல்லாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெருக்கடியால் வருவது என்றுதான் வரையறுத்தது. ஆகவே நிர்வாகத்திடம் கேட்பதில் தவறே இல்லை.

நோயாளிகளின் மனதைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. இருந்தாலும் உங்களுக்கு உதவும் என்பதால் சில வார்த்தை. புற்றுநோயாளிகளின் மனச்சுமையை அளக்க வெப்பமானி மாதிரி ஒரு படம் இருக்கிறது, பூஜ்யம் முதல் பத்து வரை. நான்கோ அதற்கு மேலோ காட்டினால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட விரலால் காட்டுவார்கள். கீமோ நாளில் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தையும் கெடுக்கும், எரிச்சலையும் கொடுக்கும். இரவு முழுக்க விழித்திருந்து மனைவியைத் திட்டுகிறார் என்றால், மனம் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் மாத்திரை எந்த நேரத்தில் தரப்படுகிறது என்று பாருங்கள். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் எடுக்கும் பெண்ணுக்கு வெளியே யாராவது மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தந்திருந்தால் பெயரைக் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பராக்ஸிட்டின், ஃபுளுவாக்ஸிட்டின் இரண்டும் டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வாய்ப்புண் நாறுகிறது என்று பேரக்குழந்தையைக்கூடக் கிட்டே விடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் போட்டால் சில நாளில் அந்த வாடை நன்றாகக் குறையும். அவர் திரும்பிப் படுப்பார். ஆலோசனை சொல்லி நான் ஒரு மாதத்தில் சாதிக்காததை அந்தப் பொடி ஒரு வாரத்தில் சாதிப்பதைக் கண்டிருக்கிறேன்.

எல்லைக்காரரான உங்களால் மட்டும் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்ற வாக்கியத்தோடு ஒரு போன் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி கேரளத்தில் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. 2008இல் அதற்கென்று அரசுக் கொள்கையே வந்தது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா இருக்கிறது. ஆனால் களியக்காவிளையைத் தாண்டியதும் நோயாளியின் கையில் இருக்கும் மலையாளச் சீட்டுக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. இந்தப் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் சேவையும் அடக்கம். நோயாளி கிளம்புவதற்கு முன்பே அவருடைய வட்டாரத்தில் அந்தச் செவிலியரிடம் போனில் பேசி, என்ன மாத்திரை, புண்ணுக்கு என்ன கட்டு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. நீங்கள் சொன்ன கெட்ட செய்தியோடு அவர்கள் தனியே பஸ் ஏறவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலையை விடலாமா? இப்போது விட வேண்டாம் என்பது என் கருத்து. வேலை நல்லது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த நிலையில் விட்டால் அந்த மாலை நேரத்தையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். மேலே சொன்னவற்றைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் தெரிந்த இன்னொருவரையும் பழக்கச் சொல்லுங்கள்; நீங்களே மூன்று மாதம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம். ஆறு மாதத்தில் எதுவும் அசையவில்லை, உங்களைத் தொடர்ந்து வாயாக மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்றால் அப்போது ராஜினாமாவை எழுதுங்கள், நானே திருத்தித் தருகிறேன். கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் தவறாகச் சொல்லவில்லை, அவருக்கு முழுக்கதை தெரியாது.

அழுகை வரும். பெரும்பாலும் சம்பந்தமில்லாத இடத்தில் வரும். எனக்கு வடசேரிச் சந்தையில், முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார்.

கடைசியாக மீன் குழம்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் நோயாளிகளிடம் தினமும் பார்ப்பதுதான். மூன்றாவது, நான்காவது கீமோவுக்கு வருகிறவர் ஊசி ஏறும் முன்பே, மருத்துவமனை வாசலைப் பார்த்ததும் வாந்தி எடுப்பார் அல்லவா? வாசலும் வாடையும் மருந்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுவிடுகின்றன. அதனால்தான் கீமோ நாளில் பிடித்த சாப்பாட்டைச் சாப்பிட வேண்டாம் என்கிறோம், அந்த ருசியே பிறகு ஆகாமல் போய்விடும். நீங்கள் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அந்த வாடை மூக்கில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, குளித்தும் குளிக்காமலும் குழம்புச் சட்டியைத் திறந்திருக்கிறீர்கள். முடிச்சு விழுந்துவிட்டது. வற்புறுத்திச் சாப்பிட்டால் இன்னும் இறுகும். வேலை நாட்களில் வீட்டில் கொஞ்ச நாள் மீன் வைக்க வேண்டாம். கஞ்சியும் பயறும் போதும். ஒரு மாதம் கழித்து, விடுமுறை நாளில், உங்கள் வீட்டு அடுப்படியில் இல்லாமல் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ, குழம்பாக இல்லாமல் நான்கு நெத்திலி வறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இறங்கினால் அடுத்த முறை தேங்காய் அரைத்த குழம்பு. இறங்காவிட்டால் தட்டை அக்காவிடம் தள்ளிவிடுங்கள், வீணாகாது.